நத்தைக் கோழையும் நம் வீட்டு முகங்களும்

நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்ட வீடு அது. கடற்கரைப் பட்டினம் ஒன்றில் வாழும் எங்கள் நெருங்கிய உறவினர் வீடு. மணமகளாகப் போகும் பெண்ணின் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு குப்பி. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டால், முட்டையின் வெள்ளைக் கருவைப் போல நூல் நூலாக இழுபட்டது அந்தத் திரவம்.

"இது என்ன பிள்ளை?" என்று பெத்தும்மா கேட்டார்.

"நத்தையிலிருந்து எடுத்தது பெத்தும்மா. கொரியாவில் செய்தது. முகத்துக்கு நல்லதாம்" என்றாள் பேத்தி.

அவ்வளவுதான். "நஜீஸை முகத்தில் தடவிக்கொண்டா முஸல்லாவில் நிற்கப் போகிறாய்?" என்று பெத்தும்மா சீறினார். பெண்ணின் கண்கள் கலங்கிவிட்டன. பக்கத்தில் நின்ற உம்மா ஒன்றும் பேசவில்லை. ஏனெனில், அந்தக் குப்பியைத் தருவிக்கச் சொன்னவரே அவர்தாம். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு மாமி, "பிள்ளை குணம் தங்கம், நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிவிட்டுப் போன சொல் அவருடைய நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

அன்று நானும் அங்கே இருந்தேன். மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று கூறி வந்தேன். இன்று எத்தனையோ இல்லங்களில் இதே குப்பியும் இதே கேள்வியும் நுழைந்துவிட்டமையால், விசாரித்து அறிந்ததைச் சகோதரிகள் யாவரின் பார்வைக்கும் வைக்கிறேன். இந்தப் பொருள் என்ன? சொல்லப்படும் பயன்கள் உண்மைதாமா? நமக்கு இது ஆகுமா? இம்மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

நத்தைக்கு எதற்கு இந்தக் கோழை?

நத்தைக்குக் கால்கள் இல்லை. வயிற்றுப் பக்கத்துத் தசையே அதற்குப் பாதம். அந்தப் பாதத்தின் அடியில் சுரக்கும் வழவழப்பு நீரின் மீதுதான் அது ஊர்ந்து செல்கிறது. செங்குத்தான சுவரிலும் தலைகீழான இலையிலும் விழாமல் ஒட்டிக்கொள்வதும் அதனாலேயே. முதுகுப் புறத்தில் சுரக்கும் கோழையோ, ஈரமான அதன் உடல் வெயிலிலும் காற்றிலும் உலர்ந்து போகாமல் காக்கிறது. கிருமிகளையும் தடுக்கிறது.

ஒரே நத்தையின் உடலில் ஊர்வதற்கென ஒன்று, ஒட்டுவதற்கென ஒன்று, உடலைக் காப்பதற்கென ஒன்று என மூவகைக் கோழைகள் சுரக்கின்றன. ஒவ்வொன்றின் சேர்மானமும் வேறு வேறு. இதனை 2023ஆம் ஆண்டில் அறிவியலார் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். காலடியில் மிதிபடும் ஓர் அற்ப உயிருக்குள் வல்ல இறைவன் அமைத்துள்ள ஏற்பாட்டை எண்ணினால் வியப்பே மேலிடுகிறது.

அழகுப் பொருள்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஐரோப்பியத் தோட்டங்களில் காணப்படும் பழுப்பு நத்தை. நம் வயல் வரப்புகளிலும் குளங்களிலும் காணும் நத்தை வேறு இனத்தது.

தோட்டத்திலிருந்து அழகு மேசைக்கு

நத்தையை மருந்தாகக் கொள்வது புதிய வழக்கமன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலில் நத்தையை மருந்துப் பொருளாகக் குறிப்பிட்டிருக்கிறார். நம் சித்த மருத்துவத்திலும் நத்தை ஓட்டைச் சுட்டுச் செய்யும் நத்தைப் பற்பம் மூல நோய்க்கு வழங்கப்படுவதுண்டு. ஆயினும் அது ஓட்டிலிருந்து செய்யப்படுவது. இன்றைய கிரீமுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்றைய கிரீமின் கதை ஸ்பெயின் நாட்டில் தொடங்குகிறது. 1960களில் ரஃபேல் அபாத் இக்லேசியாஸ் என்னும் புற்றுநோய் மருத்துவர், கதிர்வீச்சுக்கு உள்ளான நத்தைகள் ஒரு தனிவகை நீரைச் சுரந்து தம் தோலின் புண்ணை ஆற்றிக்கொள்வதைக் கவனித்தார். அந்த நீர் மனிதத் தோலுக்கும் உதவுமா என்ற அவருடைய தேடலே பிற்கால ஆராய்ச்சிகளுக்கு வித்திட்டது.

அடுத்த கட்டம் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில். அங்கே பிரான்சு நாட்டின் உணவுச் சந்தைக்காக நத்தை வளர்த்த ஒரு குடும்பத்தினர், நத்தைகளைக் கையாள்வோரின் கைகள் மென்மையாக இருப்பதையும், சிறு காயங்கள் விரைவில் ஆறுவதையும் கண்டதாகக் கூறுவர். 1995இல் அவர்கள் 'எலிசினா' என்ற பெயரில் நத்தைக் கிரீமை விற்பனைக்குக் கொண்டு வந்தனர்.

அதனை உலகப் புகழ் பெறச் செய்தவர்கள் தென் கொரியர்கள். அங்குள்ள கோஸ்ஆர்எக்ஸ் நிறுவனத்தின் நத்தை எஸென்ஸ், கைப்பேசிக் காணொளிகளின் வாயிலாக நாடு நாடாகப் பரவிற்று. இன்று நம் நாட்டிலும், வீட்டிலிருந்தபடியே பொத்தானை அழுத்தினால் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

உள்ளே இருப்பது என்ன?

நத்தைக் கோழையில் 100க்கு 90 பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தான். எஞ்சியதில் சர்க்கரையும் புரதமும் இணைந்த கிளைக்கோபுரதங்கள் முதன்மையானவை. அந்த இழுபடும் தன்மை இவற்றால் வருவதே. அவற்றோடு அல்லன்டாயின், ஹயலுரானிக் அமிலம், கிளைக்காலிக் அமிலம் முதலியவையும் சிறு அளவில் உள்ளன என்பர்.

அல்லன்டாயின் எரிச்சலைத் தணித்துத் தோலை மிருதுவாக்கும். ஹயலுரானிக் அமிலம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளைக்காலிக் அமிலம் தோலின் மேற்பரப்பிலுள்ள இறந்த செல்களை உதிரச் செய்யும். எனினும் நத்தைக் கோழையில் இருக்கும் அளவு மிகக் குறைவானது.

கட்டுடன் தோலுக்கு நேரும் மாற்றம் இதுதான்: முகத்தைக் கழுவியவுடன் ஈரம் ஆவியாகிப் போகிறது. கிளைக்கோபுரதங்கள் தோலின் மீது மெல்லிய ஈரப் போர்வையாகப் படர்ந்து அதனைத் தடுக்கின்றன. உலர்ந்த தோலில் தெரியும் மெல்லிய கோடுகள் ஈரம் ஏறியதும் நிரவப்படுகின்றன. முகம் பளபளப்பாகத் தெரிகிறது. பயன்படுத்திய மறுநாளே வியந்து பேசுவோர் காண்பது பெரும்பாலும் இந்த ஈரத்தின் விளைவைத்தான்.

அதற்கு மேலும் பயன் உண்டா? ஓரளவு உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 2008இல் ஸ்பெயினில் வெளிவந்த ஓர் ஆய்வு, நத்தைச் சுரப்பு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த தோல் செல்களைப் பெருகத் தூண்டுவதைக் காட்டிற்று. 2009இல் கிரேக்க மருத்துவர்கள் முகத்தில் தீக்காயமுற்றோருக்கு நத்தைச் சாறு கலந்த களிம்பைப் பூசி, காயம் விரைவில் ஆறுவதையும் வலி தணிவதையும் பதிவு செய்தனர். 2013இல் அமெரிக்காவில் வெயிலால் தோல் முதிர்ந்த 25 பேருக்கு, முகத்தின் ஒரு பாதியில் நத்தைச் சுரப்புள்ள பூச்சும் மறு பாதியில் அஃதில்லாத பூச்சும் 12 வாரங்கள் பூசிப் பார்த்தனர். நத்தைச் சுரப்பு பூசிய பக்கத்தில் கண்ணோரச் சுருக்கங்கள் குறைந்திருந்தன.

இவற்றைப் படித்தவுடன் கையைத் தட்டிவிட வேண்டாம். 25 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இத்துறையில் நடந்த ஆய்வுகள் பலவும் இவ்வாறு சிறியவை. மேலும், ஆய்வில் பயன்படுத்திய சுரப்பு ஒரு குறிப்பிட்ட முறையில் எடுக்கப்பட்டது. கடையில் கிடைக்கும் ஒவ்வொரு குப்பியிலும் அதே சுரப்பு அதே அளவில் இருக்குமென்று யாரும் உறுதி கூற இயலாது.

விளம்பரம் சொல்லாமல் விடுவது

சில குப்பிகளில் '96 சதவீதம்' என்று அச்சிட்டிருக்கும். வடிகட்டிய நத்தை நீர் அந்தக் குப்பியில் 96 பங்கு உள்ளது என்பதே அதன் பொருள். அந்த நீரிலும் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதை மேலே கண்டோம். எனவே 96 என்ற எண்ணைக் கண்டு 96 பங்கு மருந்து என மயங்க வேண்டுவதில்லை.

பருக்கள் விட்டுச் சென்ற பள்ளங்களை இது நிரப்பாது. கருத்திட்டுகளை வேரோடு போக்காது. பருவையே குணப்படுத்தும் மருந்தும் அன்று. வறண்ட தோல், பருவுக்கான மருந்து பூசி எரிச்சல் கண்ட தோல், வெயிலில் வாடிய தோல் ஆகியவற்றுக்கு இதமளிக்கும் ஒரு நல்ல ஈரப்பூச்சு. இவ்வளவே நியாயமாகச் சொல்லத்தக்கது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நத்தைக் கிரீம் நிறத்தை மாற்றாது. நம் தோலின் நிறத்தை முடிவு செய்வது மெலனின் என்னும் நிறப்பொருள். பிறவியில் அமைந்த அந்த அளவை நத்தை நீர் குறைத்துவிடும் என எந்தத் தக்க ஆய்வும் காட்டவில்லை. உறவினர் வீட்டு உம்மா எதற்காக அந்தக் குப்பியைத் தருவித்தாரோ, அந்தக் காரியம் மட்டும் அதனால் ஆகாது.

மார்க்கத்தின் பார்வையில்

இனி, பெத்தும்மா எழுப்பிய கேள்விக்கு வருவோம். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நத்தையை உண்ணலாமா என்பது ஒன்று. நத்தை நீர் மேனியில் பட்டால் அசுத்தமா என்பது மற்றொன்று. உண்ணக் கூடாதவை யாவும் தொட்டால் அசுத்தம் என்பதில்லை. பூனையை நாம் உண்பதில்லை. ஆயினும் அது வாய் வைத்த தண்ணீர் தூய்மையானதே.

உண்பதைப் பற்றி: எகிப்தின் ஷாஃபிஈ அறிஞரும் 1405இல் காலமானவருமான இமாம் தமீரீ அவர்கள், உயிரினங்களைப் பற்றிய தம் 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் நத்தைக்கு இடமளித்து, அருவருக்கத்தக்கது என்ற காரணத்தால் அதனை உண்பது விலக்கப்பட்டது எனக் குறிப்பிடுகிறார். ஹனஃபீ, ஹன்பலீ அறிஞர்களின் கருத்தும் தரை நத்தையைப் பொறுத்தவரை விலக்கே. ஆனால் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் மேற்கு நாடுகளின் நத்தையைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அதனை வெட்டுக்கிளியோடு ஒப்பிட்டு, உயிருடன் பிடித்து வேகவைத்தோ சுட்டோ உண்பதில் குற்றமில்லை என்றார்கள். அதனாலேயே மாலிக்கீ மத்ஹபைப் பின்பற்றும் மொராக்கோ நாட்டில், மராக்கேஷ் நகரத்துச் சதுக்கத்தில் மாலை வேளைகளில் நத்தை வடிசாறு ஆவி பறக்க விற்கப்படுகிறது. நம் பெத்தும்மா அருவருக்கும் அதே உயிர், அங்குள்ள ஒரு பெத்தும்மாவின் கிண்ணத்தில் உணவாக இருக்கிறது!

பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியாவில், அந்நாட்டு உலமா கவுன்சில் 2012இல் நத்தையை உண்பதும், உண்பதற்காக வளர்ப்பதும் ஹராம் எனத் தீர்ப்பளித்தது.

தூய்மையைப் பற்றி: ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயும் பன்றியும் நீங்கலாக உயிருள்ள பிராணிகள் யாவும் தூய்மையானவை. அவற்றின் வியர்வை, உமிழ்நீர், சளி ஆகியவையும் அவ்வாறே. நத்தைக் கோழை இந்த வகையில் அடங்கும் என்பதே விளங்குகிறது. ஆனால் நத்தையைக் கொன்று அரைத்து எடுத்த சாறாயின் நிலைமை வேறு. இறந்த நத்தை ஷாஃபிஈ சட்டப்படி செத்த பிராணியின் கணக்கில் வரும். ஹனஃபீ மத்ஹபிலோ, ஓடும் இரத்தமில்லாத உயிர் இறந்தாலும் அசுத்தமாவதில்லை. ஆகவே நம் ஷாஃபிஈ சகோதரிகள் கேட்க வேண்டிய கேள்வி, "இது நத்தையா?" என்பதைக் காட்டிலும், "உயிருள்ள நத்தையிலிருந்து எடுத்ததா?" என்பதாகும்.

உளூ கூடுமா என்ற ஐயமும் எழும். நத்தை எஸென்ஸ் தண்ணீரில் கரையக்கூடியது. முகம் கழுவும்போது நீங்கிவிடும். மெழுகைப் போலக் கனத்துப் படிந்து தண்ணீரைத் தோலில் படாமல் தடுக்கும் பூச்சாக இருந்தால்தான், எந்தக் கிரீமாயினும், அதனை அகற்றிவிட்டு உளூச் செய்ய வேண்டும்.

உதட்டில் பூசும் நத்தைப் பசையும், நத்தைச் சாறு கலந்த மருந்தும் வேறு. பிரான்சு நாட்டில் நத்தைச் சாற்றால் ஆன இருமல் மருந்தே உண்டு. வாய்க்குள் போகும் பொருளுக்கு உணவின் சட்டமே பொருந்தும். ஆகவே உதட்டுப் பூச்சைத் தவிர்ப்பதே பேணுதல்.

மேலும் ஒன்று: நத்தை என்றவுடன் திடுக்கிடும் நாம், அதே குப்பியின் பின்புறத்தில் உள்ள கிளிசரின், ஸ்டீயரிக் அமிலம், கொலாஜன் என்னும் பெயர்களைக் கண்டு திடுக்கிடுவதில்லை. கிளிசரினும் ஸ்டீயரிக் அமிலமும் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம். மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். கொலாஜன் மீனிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். பெயர் அச்சமூட்டும் பொருளை விடப் பெயர் மறைந்த பொருளே அதிக விசாரணைக்குரியது. ஹலால் சான்று பெற்ற பொருளை வாங்குவது இந்தச் சங்கடங்களைத் தீர்க்கும். ஐயம் எஞ்சினால், குப்பியை எடுத்துக்கொண்டு தங்கள் ஊர் ஆலிமிடம் சென்று கேட்பதில் வெட்கமில்லை.

வாயில்லா உயிரின் வழக்கு

நத்தையிலிருந்து கோழையை எப்படி எடுக்கிறார்கள்? உப்பையும் புளிக்காடியையும் தெளித்து வதைத்து எடுக்கும் பழைய முறை உண்டு. வேதனை தாளாமல் அது நுரை நுரையாகக் கக்கும். இருட்டும் ஈரமுமான அறையில் வலையின் மீது நத்தைகளை ஊரவிட்டு, சிந்தும் நீரைச் சேகரிப்பதாகச் சில நிறுவனங்கள் கூறுகின்றன. நத்தை வளர்ப்புக்குப் பெயர் பெற்ற இத்தாலியின் கெராஸ்கோ நகரில், நத்தைகளைக் கொல்லாமல் கோழை எடுப்பதற்கென இயந்திரமே அமைத்திருக்கிறார்கள்.

ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்துவிட்ட முற்கால நபி ஒருவரை இறைவன் கண்டித்ததாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். எறும்புக்கு நியாயம் கேட்ட மார்க்கம் நத்தைக்குக் கேட்காதா? நம் முகம் மினுங்குவதற்காக ஓர் உயிர் உப்பில் துடிக்க வேண்டியதில்லை. எடுக்கும் முறையைத் தெளிவாகச் சொல்லாத பொருளை விட்டுவிடுவதே நலம். உயிருடன் எடுத்ததா என்று தூய்மைக்காகக் கேட்கும் கேள்வி, இங்கே இரக்கத்துக்கும் உரிய கேள்வியாகிறது.

பயன்படுத்துவோர் கவனத்திற்கு

1. முதல் நாளே முகத்தில் பூசாதீர்கள். முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி இரண்டு நாள்கள் பாருங்கள். அரிப்போ தடிப்போ சிவப்போ தோன்றினால் விட்டுவிடுங்கள்.

2. வீட்டுத் தூசியால் தும்மலும் மூச்சிரைப்பும் வருவோர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு நத்தையை உண்டபோது கடும் மூச்சுத் திணறல் ஏற்பட்டதை ஐரோப்பிய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். சிப்பி, கணவாய் ஒத்துக்கொள்ளாதவர்களும் மருத்துவரைக் கேட்டே தொட வேண்டும்.

3. முகத்தைக் கழுவி, ஈரம் முற்றும் காயுமுன் இரண்டு மூன்று சொட்டு போதும். அதன் மேல் வழக்கமான ஈரப்பூச்சைப் பூசலாம். பகலில் வெளியே செல்வதாயின் வெயில் காப்புப் பூச்சு இன்றியமையாதது. தோலை முதிரச் செய்வதில் முதலிடம் வெயிலுக்கே; அதைத் தடுக்காமல் நத்தை நீர் பூசுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

4. ஆறாத புண், கரப்பான், சீழ்ப் பரு உள்ள இடங்களில் பூச வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு இது தேவையே இல்லை.

5. தோட்டத்து நத்தையைப் பிடித்து முகத்தில் ஊரவிடும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். 2013இல் ஜப்பானின் டோக்கியோ நகரில் ஓர் அழகு நிலையம் இதனை ஒரு சிகிச்சையாகவே நடத்திற்று. அங்கே பயன்பட்டவை அதற்கென வளர்த்தவை. நம் தோட்டங்களில் பெருகியுள்ளது, 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பரவிய ஆப்பிரிக்கப் பெருநத்தை. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழு இதன் உடலில் தங்கும். அது மனிதருக்குத் தொற்றினால் மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும். இவற்றைத் தொட்ட குழந்தைகளின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் செய்யுங்கள்.

மனம் ஒப்பாதவர்களுக்கு

இவ்வளவு படித்த பின்னும், "ஆகுமானதாகவே இருக்கட்டும், எனக்கு அருவருப்பாக இருக்கிறது" என்று சொல்லும் சகோதரிகள் இருப்பார்கள். அவர்கள் ஒன்றையும் இழக்கவில்லை. அல்லன்டாயின் இன்று தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. ஹயலுரானிக் அமிலம் நொதித்தல் முறையில் உற்பத்தியாகிறது. கிளைக்காலிக் அமிலம் கரும்பிலும் உண்டு. இவை கலந்த பூச்சுகள் நத்தையின்றியே கிடைக்கின்றன. விலையும் பெரும்பாலும் குறைவு. தாவர கிளிசரின் கலந்த எளிய ஈரப்பூச்சே பலருடைய தோலுக்குப் போதுமானது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் குப்பி இல்லாவிட்டால் முகம் வாடிவிடும் என்று யாரும் ஏங்க வேண்டாம்.

நத்தையை விட அஞ்ச வேண்டியது

நிறத்தின் மீதுள்ள ஆசை, நத்தைக் குப்பியோடு நின்றுவிடுவதில்லை. அது பலன் தரவில்லை என்றதும், பெயரும் முகவரியும் இல்லாத 'சிவப்பழகு' கிரீமை நோக்கி மனம் ஓடும். வெளிநாட்டிலிருந்து வருவோரின் பெட்டியிலும், கைப்பேசி விற்பனையிலும் அவை வந்து குவிகின்றன. அவற்றில் பலவற்றில் மெலனினை அடக்குவதற்காகப் பாதரசம் கலந்திருக்கும். பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும்.

நமக்கு அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில் நடந்ததைக் கேளுங்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கே ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு அரிதாகக் காணப்படும் ஓர் உட்பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசி வந்தவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். முகத்தை வெளுக்கச் செய்யப் போய்ச் சிறுநீரகத்தைப் பணயம் வைத்த சகோதரிகள் நம்மிலிருந்தும் உண்டாக வேண்டாம். தயாரித்தவர் பெயர், உட்பொருள்களின் பட்டியல், இறக்குமதிப் பதிவு எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்படாத எந்த டப்பாவும் வீட்டுக்குள் நுழையக் கூடாது.

மீண்டும் அந்த வீட்டில்

விசாரித்தவற்றை எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குச் சென்றேன். அதற்குள் பெத்தும்மாவும் பள்ளிவாசல் ஆலிமிடம் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். உயிருள்ள நத்தையின் கோழை அசுத்தமன்று. உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடை வந்திருந்தது. "ஆகுமென்றால் பூசிக்கொள்ளட்டும். என் பக்கத்தில் மட்டும் கொண்டுவர வேண்டாம்" என்றார் பெத்தும்மா. அருவருப்பும் அவரவர் உரிமைதானே!

உம்மாவோ, "நிறம் மாறாதா?" என்று மட்டும் கேட்டார். மாறாது என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

பின்னர் ஒரு நாள், நிக்காஹ் ஏற்பாடுகள் பேச அந்த மாமி மீண்டும் வந்தார். பேச்சோடு பேச்சாக, "பிள்ளைக்கு முகத்துக்கு ஏதாவது போடுகிறீர்களா?" என்று கேட்டாராம். "போடுகிறாள் மாமி. தோல் வறளாமல் இருக்கப் போடுகிறாள். நிறத்துக்குப் போடவில்லை. எங்கள் பிள்ளையின் நிறம் இதுதான், பார்த்துத்தானே சம்மதித்தீர்கள்" என்று உம்மா அமைதியாகச் சொன்னாராம். அடுக்களை வாசலில் நின்று அதனைக் கேட்ட மகளின் முகத்தில் அன்று கண்ட பொலிவை எந்தக் குப்பியும் தந்திருக்க முடியாது என்று பெத்தும்மா என்னிடம் சொன்னார்.

உடலைப் பேணுவது நம் மீதுள்ள அமானிதம். தோல் வறண்டால் ஈரமூட்டுங்கள், வெயிலிலிருந்து காத்துக்கொள்ளுங்கள், விசாரித்து, ஆகுமானதைப் பூசிக்கொள்ளுங்கள். ஆனால், பெண் பார்க்கச் செல்லும் மாமிகளும் உம்மாக்களும் நிறத்தைப் பற்றிய ஒரு சொல்லை வாயில் எடுக்குமுன், அந்தச் சொல் எந்த வீட்டுப் பெண்ணின் கையில் எந்த டப்பாவைக் கொண்டு சேர்க்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணத்தை அல்லாஹ் நம் யாவருக்கும் தந்தருள்வானாக.